இருநூற்று எண்பது வோல்ட்

கனகமணிக்குச் சந்தேகம் வந்தது ஒரு புதன்கிழமை. சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் முடித்து, மூன்று மணி வெயிலில் விஸ்வநத்தம் வந்து இறங்கி, வீட்டுக்குள் கால் வைத்ததும் தரையைப் பார்த்தாள். பின்னறை வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஈரக் காலடிகள். பெரிய பாதம், சுண்டுவிரல் சற்று விலகிய பாதம். புருஷன் பொன்ராஜின் கால்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊரில் மழை பெய்து இரண்டு மாதமாகிறது. சாத்திக் கிடக்கிற அறைக்குள்ளிருந்து ஒரு மனுஷன் ஈரக் காலோடு எப்படி வருவான்?

"உள்ள ஒரே தூசி. தண்ணி தெளிச்சேன்" என்றான் பொன்ராஜ்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட அறியாத மனுஷன், தூசிக்குத் தண்ணீர் தெளித்தானாம். கனகமணி தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நர்சுகளுக்கு இது பழக்கம். நோயாளி சொல்வதைக் கேட்டுக்கொள்வார்கள். நம்புவது வேறு சங்கதி.

பொன்ராஜ் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எந்த அறையில் எத்தனை பேர் உட்கார வேண்டும், யார் எவ்வளவு வெடிமருந்து எடுக்கலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவன் வேலை. பதினெட்டு வருஷத்தில் அவன் கண்காணிப்பில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் ஏதோ ரிஜிஸ்தர் சரியில்லை என்று கம்பெனியை மூன்று வாரம் மூடச் சொல்லியிருந்தார்கள். தீபாவளி சீசன் நெருங்கும்போது வேலை நின்றுபோனால் எந்தப் போர்மேனும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவான். இவனோ சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான். அந்தச் சீட்டிதான் கனகமணிக்கு முதலில் உறுத்தியது.

ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் எல்லாம் படும். பின்னறைக்குள் போகும்முன் செல்போனை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். செருப்பை வெளியே விட்டான். எப்போதும் வீட்டில் போட்டிருக்கும் நைலான் பனியனைக் கழற்றிவிட்டுப் பழைய பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டான். அவன் குளிக்கப் போன நேரத்தில் அவள் அறைப்பக்கம் போய்ப் பார்த்தாள். கதவு பூட்டியிருந்தது. ஜன்னலில் பாய் தொங்கியது. பாய்க்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த சந்து வழியாகக் கண்ணை வைத்தபோது, மேஜைக்கு மேலே சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு செம்புத் தகடு மின்னியது. அதிலிருந்து ஒரு கம்பி இறங்கிச் சுவரோட்டையைத் தாண்டிக் கொல்லைப்புறம் போயிருந்தது.

அந்தத் தகட்டை அவள் அவன் கம்பெனியில் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒன்று உண்டு. உள்ளே நுழைகிறவர்கள் அதில் உள்ளங்கையை அழுத்திவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், மருந்துப் பக்கம் பொறி பறக்காது. வெறுங்கால், ஈரத்தரை, பருத்தித் துணி, செல்போன் கூடாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், இத்தனையும் ஒரு வீட்டில் சேர்ந்திருந்தால் அந்த வீட்டுக்குள் மருந்து இருக்கிறது என்று.

வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்கிறவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும். எப்போது என்ன ஆகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. போன வருஷம் கனகமணியின் வார்டில் யோகேஸ்வரி என்று ஒரு பெண் பதினோரு நாள் கிடந்தாள். அவள் புருஷன் வீட்டிலேயே வைத்துச் சரவெடி பின்னும்போது வெடித்துவிட்டது; அவனும் மகனும் அங்கேயே போய்விட்டார்கள். கட்டு மாற்றும்போது அந்தப் பெண் சொன்னாள்: "தெரியும் சிஸ்டர். தெரிஞ்சுதான் இருந்துச்சு. கேட்டா ஆமான்னு சொல்லிருவாரோன்னு பயந்துதான் கேக்கல." பன்னிரண்டாம் நாள் அந்தக் கட்டில் காலியாகிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாவி என்று கனகமணி அன்றைக்கு மனசுக்குள் திட்டினாள்.

இப்போது அவளும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சங்கிலிமுத்து வந்தான். வீடு வீடாக மருந்தும் திரியும் கொடுத்துச் செய்த சரக்கை வாங்கிப் போகிற ஏஜெண்டு அவன். வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாகக் கல்யாண வீட்டுக்குப் போகிறவன்போல் இருப்பான். பொன்ராஜ் அவனை வீட்டுக்குள் கூப்பிடாமல் வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் பேசினான். என்ன பேசினான் என்று சொல்லவில்லை. மறுநாள் ஒரு பார்சல் வந்தது. பொன்ராஜ் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். அவன் தோள் ஒரு பக்கம் சாய்ந்ததில் பெட்டி நல்ல கனம் என்று தெரிந்தது.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வீடுகளில் பட்டாசு தயாரிப்போரைப் பற்றித் தகவல் தரலாம், பெயர் வெளியே வராது என்று ஒரு நம்பர். கனகமணி அதைச் செல்போனில் ஏற்றிக்கொண்டாள். அழுத்தினால் பொன்ராஜுக்கு ஜெயில். பதினெட்டு வருஷப் பெயரும் போர்மேன் சான்றிதழும் அதோடு போச்சு. அழுத்தாவிட்டால் அந்தப் பின்னறைக்கும் பிள்ளைகள் படுக்கும் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அன்றைக்கு முழுக்க அந்த நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஊசி போடப் போன இடத்தில் மருந்துச் சீட்டை இரண்டு தடவை வாசித்தும் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலையில் தம்பியை வரவழைத்து, மகள் எவாஞ்சலினையும் சின்னவன் சாலமனையும் சாத்தூருக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். "அம்மாச்சி கேட்டுக்கிட்டே இருக்காக" என்று பிள்ளைகளிடம் ஒரு பொய். "ரெண்டு நாளு ஆட்டம் போட்டுட்டு வரட்டும்" என்று புருஷனிடம் இன்னொன்று. அவன் மறுப்புச் சொல்லாமல், சொல்லப்போனால் சந்தோஷமாகவே, தலையாட்டினான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

தம்பியின் பைக் தெருமுனை திரும்பியதும் பொன்ராஜ் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. குங்கிலியம் கருகுகிற மாதிரி, கூடவே ஈயம் உருகுகிற மாதிரி. புகைதான்! மருந்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நெருப்பையும் வைத்திருக்கிறானா இந்த மனுஷன்? கனகமணிக்கு யோகேஸ்வரியின் ஞாபகம் வந்தது. அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள்.

"கதவைத் திறங்க! இப்பத் திறக்கப்போறீகளா, இல்ல நான் ஊரைக் கூட்டவா?"

தாழ்ப்பாள் விலகியது. பொன்ராஜ் வெறுங்காலோடு, திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் மேஜையில் எதையோ துண்டு போட்டு மூடியிருந்தது.

"மருந்து எங்கன வச்சிருக்கீக?"

"என்ன மருந்து?"

அவள் கட்டிலடியில் குனிந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து கிறிஸ்துமஸ் தோரணங்களை அள்ளி வெளியே போட்டாள். பரண்மேல் இருந்த சாக்கை இழுத்தாள், பழைய பேப்பர். கடைசியில் மேஜைமேல் கிடந்த துண்டை உருவினாள். ஒரு தகரப் பெட்டி. அதன் முதுகில் இரும்புக் கட்டி மூன்று, பழைய ரேடியோவுக்குள் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு நான்கு. பக்கத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது.

"இது என்னது?"

"ஆம்ப்ளிஃபயர்" என்றான் பொன்ராஜ், திருடிய பலகாரத்தோடு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. "வால்வு ஆம்ப்ளிஃபயர். பாட்டுக் கேக்குறது. நானே கட்டுறேன்."

கனகமணி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மனசுக்குள் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். பொன்ராஜ் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டான். அதற்கும் காரணம் இருந்தது. போன வருஷம் மிக்ஸியைப் பிரித்து ரிப்பேர் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, தெரு முழுக்கக் கரண்டு போய், அண்டை வீட்டுக்காரர்கள் திட்டித் தீர்த்ததில், இனி வீட்டில் எந்த மின்சாரச் சாமானையும் திறக்க மாட்டேன் என்று வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தவன் அவன்.

"அந்தச் சத்தியம் பழைய சாமானுக்குத்தான்னு நெனச்சேன்" என்றான். "இது புதுசு."

"சங்கிலிமுத்து எதுக்கு வந்தான்?"

"கம்பெனி மூடிக் கெடக்குல்லா, வீட்டுல வச்சு ஆயிரம்வாலா பின்னித் தாங்கன்னு வந்தான். இன்னொரு தடவ இந்தப் பக்கம் வந்தா செருப்பு பிஞ்சிரும்லேன்னு சொல்லி அனுப்பினேன். பிள்ளைக இருக்கிற வீட்டுல கெட்ட வார்த்தை வேண்டாம்னுதான் மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அவ்வளவுதானா? மூன்று நாளாகத் தின்ற சோறு உடம்பில் ஒட்டாமல் அலைந்தது இதற்குத்தானா? அவளுக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கத்தை மறைக்க, "எதுக்கு உங்களுக்கு இந்த வேலை?" என்று கேட்டாள்.

"ஒரு வீடியோ பாத்தேன் கனகு. கண்ணாடிக்குள்ள நெருப்பு பேசாம ஒக்காந்திருக்கு. பொகை இல்ல, வெடிக்கல, பாட்டுப் பாடுது. பதினெட்டு வருஷமா நெருப்பு வந்துறக் கூடாதுன்னே காவல் காக்குறவன் நான். ஒரு நெருப்பையாவது பயப்படாம பாக்கணும்னு ஆசை வந்துருச்சு."

மாட்டிக்கொண்டாயிற்று, இனி மறைக்க என்ன இருக்கிறது? பொன்ராஜுக்கு வாய் திறந்துகொண்டது. மூன்று மாசமாகச் சொல்ல ஆளில்லாமல் தவித்த கதையல்லவா. முதன்முதலாகக் கட்டுகிறவன் எதை வாங்குவது, அதுவும் குறைந்த விலையில் எதை வாங்குவது என்று அவன் தேடாத இடமில்லை. தேடியதைவிடச் சந்தேகப்பட்டதுதான் அதிகம். இணையத்தில் முதலில் பார்த்த வியாபாரி எண்பது சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருந்தான். "யாருகிட்ட? வெலைய அஞ்சு மடங்கு ஏத்தி அச்சடிச்சு, அதுல எண்பது கழிக்கிற வித்தையே நம்ம ஊரு பட்டாசு லிஸ்ட்டுல பொறந்தது. அங்கனயே அவனத் தள்ளிட்டேன்." இரண்டாமவன், பட்டாளத்துக் கிடங்கில் ஐம்பது வருஷம் கிடந்த பழைய வால்வு என்றான். அட்டைப்பெட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மை இன்னும் பளபளவென்று இருந்தது. அச்சுக்கும் பேர்போன ஊர், சிவகாசிக்காரன் கண்ணிடம் ஐம்பது வருஷத்து அச்சு என்று கதை விடலாமா? மூன்றாமவன் பெட்டியில் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பார்மரே இல்லை. சுவரிலிருந்து வருகிற கரண்டு நேராக உள்ளே. "டிரான்ஸ்பார்மர் எங்கன்னு ஒத்தக் கேள்விதான் கேட்டேன். பய அதுக்கப்புறம் பதிலே போடல."

நான்காவது, மேஜையடியில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. உள்ளங்கை அளவுப் பலகை, சின்ன வால்வு இரண்டு. அடாப்டரில் ஓடும், வெறும் இருபத்துநான்கு வோல்ட். சோதித்துப் பார்க்கலாம் என்று வாங்கியவனுக்கு அதன்மேல்தான் எல்லாவற்றையும்விடச் சந்தேகம். "அம்புட்டுக் கம்மி வோல்ட்டுல வால்வு எப்படி வேலை செய்யும்? பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கட்டலாம்னு வேற போட்டிருக்கான். பிள்ளை கட்டுறதுக்குப் போர்மேன் எதுக்கு?"

ஐந்தாவதாக ஒரு கோயம்புத்தூர்க்காரர். பொன்ராஜ் கேட்ட இருபத்திரண்டு கேள்விக்கும் பதில் சொன்னார். டிரான்ஸ்பார்மரைத் தராசில் வைத்துப் படம் அனுப்பினார். கம்பெனிக்கு வருகிற அலுமினியப் பொடியைச் சலித்துப் பார்ப்பதுபோல் பொன்ராஜ் அவரைச் சலித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான். மற்றதெல்லாம் முன்பே வந்துவிட்டது; வெள்ளிக்கிழமை வந்த கனத்த பார்சல் டிரான்ஸ்பார்மர். "குத்தம் கண்டுபிடிக்க முடியல. இதுதான் அது."

"இது எத்தன வோல்ட்?"

"இருநூத்தி எண்பது. நம்ம வீட்டுக் கரண்டவிடக் கூட" என்றான், மகனின் மார்க்கைச் சொல்வதுபோல.

"தரை ஏன் ஈரமா இருக்கு?"

"பாதுகாப்புக்குத்தான். பெரிய வோல்ட்டுல்லா, விளையாட்டா? கம்பெனியில என்னென்ன ரூல்ஸ் உண்டோ அம்புட்டையும் இங்கன வச்சிருக்கேன். ஒண்ணு கொறையாது."

கனகமணிக்கு மனசு நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள். இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கரண்டு கொடுக்கப் போகிறேன், நீயும் இரு என்றான். செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்றுகொண்டாள்.

அவன் பிளக்கைச் சொருகினான். அரை நிமிஷத்தில் கண்ணாடிகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன வெளிச்சம் எழும்பியது. பொன்ராஜ் மேஜைமேல் கன்னத்தைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை அவள் கடைசியாகப் பார்த்தது பிள்ளை பிறந்தபோது பிரசவ வார்டு வாசலில். ஆனால் ஸ்பீக்கரில் பாட்டு வரவில்லை. கொர்ரென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"ஒரு எடத்துல ஒட்டு சரியில்ல போலுக்கு. வால்வைக் கழட்டிட்டு வோல்ட்டை அளந்து பாக்கணும்னு தாள்ல போட்டிருக்கு."

அணைத்து, ஆறவைத்து, வால்வுகளைத் துணியால் பிடித்துக் கழற்றினான். பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து மறுபடி கரண்டு கொடுத்தான். இப்போது வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை; வெறும் கம்பியும் தகரமும். மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியில் மாட்டிவிட்டு, இன்னொரு முனையை வலது கையில் எடுத்தான். இடது கை தன்பாட்டுக்கு மேலே போய்ச் சுவரிலிருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையைப் பதித்தது. கோயிலுக்குள் நுழைகிறவன் சிலுவை போடுவதுபோல அவனுக்கு அது தன்னால் வருகிற காரியம். பதித்த கையை எடுக்காமலே வலது கையைப் பெட்டிக்குள் விட்டான்.

கனகமணிக்கு மறுபடியும் ஏதோ உறுத்தியது. மழைக்காலத்தில் கண்மாயில் விழுந்த ஒருவனை வார்டுக்குக் கொண்டுவந்தபோது, நெஞ்சில் ஷாக் வைக்கும் முன் டாக்டர் கத்திய கத்தல் காதில் கேட்டது. ஈரத்தைத் துடை, கட்டிலிலிருந்து எல்லாரும் கையை எடு, தண்ணியில நிக்காத. அன்றைக்கு அந்த நெஞ்சைத் துடைத்தது இவள்தான். இங்கே இவன் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கிறான். ஒரு கை மண்ணோடு சேர்ந்திருக்கிறது. மறு கை கரண்டுக்குப் போகிறது. இரண்டு கைக்கும் நடுவில் இருப்பது நெஞ்சு.

வெடிமருந்துக்கு இது சரி. கரண்டுக்கு?

"அசையாதீக!" என்று கத்தினாள்.

மருந்து அறையில் யார் கத்தினாலும் இருந்த இடத்தில் கல்லாக நிற்க வேண்டும் என்பது போர்மேனுக்குப் பழக்கம். பொன்ராஜ் நின்றான். வலது கை விரல் கம்பிக்கு அரை அங்குலம் மேலே நின்றது. கனகமணி அவனைத் தொடவில்லை. ரப்பர் செருப்போடு சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"இப்பக் கையை எடுங்க. ரெண்டையும்."

எடுத்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன கனகு நீ? சரி, அதான் பிடுங்கியாச்சே" என்று மறுபடி பெட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"தொடாதீகன்னா தொடாதீக! கட்டில்ல ஏறுங்க, காலைத் துடைங்க. அந்த மீட்டர்க் குச்சியை ஒத்தக் கையால, பிளாஸ்டிக்கப் பிடிச்சு வைங்க. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால."

அவள் சொன்னபடியே கட்டிலில் ஏறி உட்கார்ந்து செய்தான், அவளைச் சமாதானப்படுத்துகிற பாவனையில். மீட்டரில் எண் விழுந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு; வால்வுகள் இழுக்காததால் இருநூற்று எண்பதையும் தாண்டியிருந்தது. பொன்ராஜ் சுவரைப் பார்த்தான். பிளக் தரையில் கிடந்தது. மீட்டரைப் பார்த்தான். முந்நூற்றுப் பதினொன்று. முந்நூற்றுப் பத்து. ஆடி அசைந்து இறங்கிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் கரண்டு தேங்கி நின்றது.

அவன் குச்சியை மெல்ல விலக்கிக் கட்டில்மேல் வைத்தான்.

"வெடிக்காமக் கெடக்குற வெடி" என்றான். "அணைஞ்சிருச்சுன்னு நெனச்சுக் கையில எடுக்காதீகன்னு பதினெட்டு வருஷமா மத்தவங்களுக்குச் சொன்னவன் நான்." அப்புறம் ஈரத்தரையைப் பார்த்தான், தகட்டைப் பார்த்தான். விற்றவனைச் சந்தேகப்பட்டான், அச்சு மையைச் சந்தேகப்பட்டான், பள்ளிக்கூடப் பிள்ளை கட்டுகிற சாமானைக்கூடச் சந்தேகப்பட்டான். தன் காலடியில் தானே ஊற்றிய தண்ணீரை மட்டும் அவன் சந்தேகப்படவில்லை.

கனகமணி மேஜையடியில் கிடந்த சின்ன உறையை எடுத்து அவன் மடியில் போட்டாள். "மொதல்ல இதைக் கட்டுங்க. தரையை நான் துடைக்கிறேன். பெருசு பரண்ல இருக்கட்டும், தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பக்கத்துல இருந்து சொல்லித் தராம இறக்கக் கூடாது."

"சரி" என்றான். உறையைப் பிரிக்கப் பார்த்தான். பாதியில் விட்டான். அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், அவள் கோணிச்சாக்கை விரித்துத் தரையைத் துடைப்பதைப் பார்த்து மெல்லக் கேட்டான்.

"உள்ள வந்ததும் மருந்து எங்கன்னு கேட்டியே. நான் இங்கன வெடி செய்றேன்னா நெனச்ச?"

"ஆமா."

"எத்தன நாளா?"

"புதன்கிழமையிலருந்து."

"அதுக்குத்தான் பிள்ளைகளச் சாத்தூருக்கு அனுப்புனியா?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஆமா."

பொன்ராஜுக்குச் சுருக்கென்றது. தன்னைப்பற்றி இப்படி நினைத்துவிட்டாளே என்ற வருத்தம் முகத்தில் வந்தது. வந்த வேகத்திலேயே அது வேறு என்னவோ ஆயிற்று.

"வீடு எப்ப வேணா வெடிக்கும்னு நெனச்சிருக்க. பிள்ளைகள அனுப்பிட்ட. நீயும் போயிருக்கலாம்லா. நீ ஏன் போகல?"

கனகமணி சாக்கைப் பிழியக் கதவுப் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நீங்க உள்ள இருந்தீகள்லா."